சமையலறைக் கதவோரம் ஒரு தளம்: மட்டம் முதலில், கல் அப்புறம்

கேள்வி இதுதான். மேற்கு மாம்பலத்தில் 1992-ல் கட்டிய தனி வீடு. சமையலறைக்குப் பக்கவாட்டில், காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் 9 அடி அகலம், 28 அடி நீளத்துக்கு மண்ணும் உடைந்த சிமென்ட் தரையுமாக ஒரு இடம் கிடக்கிறது. மாலையில் நாற்காலி போட்டு உட்கார, நாலு செடித் தொட்டி வைக்க அங்கே தளம் போட வேண்டும். அப்பாவுக்கு மூட்டுவலி, சமையலறைத் தரையும் வெளித்தளமும் ஒரே மட்டமாக இருந்தால் நல்லது. மேஸ்திரி, "கிராவல் கொட்டி ஏத்திடலாம் சார், ரெண்டு நாள் வேலை" என்கிறார். ஆனால் சமையலறைச் சுவரில் உட்பக்கம் இரண்டடி உயரத்துக்கு ஏற்கெனவே பெயின்ட் உரிந்து உப்புப் பூத்திருக்கிறது. தெருவும் உயர்ந்துவிட்டது, மழைத்தண்ணீரை எங்கே விடுவது என்று தெரியவில்லை. கடப்பாக் கல்லா, பேவர் பிளாக்கா?

கல்லைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மேஸ்திரி சொல்கிறபடி மட்டும் ஏற்றிவிடாதீர்கள். உங்கள் இடத்தில் தளம் ஏற வேண்டியதில்லை, மண்தான் இறங்க வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம். செங்கல் விளக்குத் திரி மாதிரி; அடியில் ஈரம் இருந்தால் மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் பேஸ்மட்டத்தில், சுவர் எழும்புவதற்கு முன், பெல்ட் காங்கிரீட்டோ வாட்டர்ப்ரூஃப் பவுடர் கலந்த சிமென்ட் பூச்சோ ஒரு பட்டையாகப் போடுவார்கள். இன்ஜினீயர்கள் டி.பி.சி. என்பது அதைத்தான். அந்தப் பட்டைக்குக் கீழே இருக்கும் செங்கல் நனையலாம், மேலே இருப்பது நனையக் கூடாது. வெளியே மண்ணையோ தளத்தையோ அந்தப் பட்டைக்கு மேலே ஏற்றிவிட்டால் ஈரம் பக்கவாட்டில் நேராக மேல்செங்கலுக்குள் போய்விடும். பட்டை இருந்தும் இல்லாத கதைதான். பட்டைக்கு ஒரு அங்குலம் கீழே நிறுத்திவிட்டால் போதுமா என்றால் அதுவும் போதாது. கெட்டியான தரையில் விழுகிற மழை தெறித்துச் சுவரில் அரை அடி, ஒரு அடி உயரம் வரைக்கும் அடிக்கும். அதனால்தான் வெளித்தளத்தின் மேல்மட்டம் டி.பி.சி.க்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர், அதாவது 6 அங்குலம், கீழே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. உள்தரையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அளந்து எழுதியபடி பக்கவாட்டு மண் உள்தரைக்கு 10 அங்குலம் கீழே இருக்கிறது, தெரு வெறும் 6 அங்குலம்தான் கீழே. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, பேஸ்மட்டம் சுற்றுத் தரையைவிட 450 மில்லிமீட்டராவது உயரமாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டையும் அந்த ஒன்றரை அடி கணக்கில்தான் கட்டியிருப்பார்கள். அப்படியானால் அந்தப் பக்கவாட்டில் கட்டட உடைசல், தொட்டி மண், பழைய சிமென்ட் என்று 8 அங்குலம் சேர்ந்திருக்கிறது. தெரு ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் ஏறியது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். ஏற்கெனவே ஏறிய தெரு அதனால் இறங்கப்போவதில்லை.

அந்தப் பட்டை, அதாவது பெல்ட், எங்கே இருக்கிறது என்று ஊகிக்காதீர்கள், பார்த்துவிடுங்கள். சமையலறைச் சுவரில் வெளிப்பக்கம், உள்தரை மட்டத்துக்கு நேரே, ஒரு அடிக்கு ஒரு அடி பூச்சைக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். செங்கல் வரிசைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு காங்கிரீட் பட்டை தெரியும். உங்கள் வீட்டுக் காலத்துக் கட்டடங்களில் பெரும்பாலும் அது உள்தரைக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே இருக்கும், அதற்கு மேல் டைல்ஸும் அடிக் கலவையும். கம்பி போட்ட பெல்ட் இருக்கலாம், ஒரு அங்குல சிமென்ட் பூச்சாகவும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் செங்கல் தொடர்ச்சியாக இறங்கினால் உள்தரை மட்டத்தையே பெல்ட்டாக நினைத்துக்கொண்டு, அதற்குக் கீழே எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவு இறங்குங்கள்.

பெல்ட்டின் மேல்விளிம்பு 3 அங்குலம் கீழே என்று வைத்தால், சுவரோரம் தளத்தின் மேல்மட்டம் 9 அங்குலம் கீழே வர வேண்டும். இப்போதைய மண்ணைவிட ஒரு அங்குலம்தான் உயரம். அந்த ஒரு அங்குலத்துக்குள் கல், மணல், ஜல்லி எல்லாவற்றையும் அடக்க முடியாது. 60 மி.மீ. பேவர் பிளாக், ஒரு அங்குல மணல், நாலு அங்குலம் இறுக்கிய ஜல்லி, மொத்தம் ஏழரை அங்குலம். ஆக ஆறரை அங்குலம் தோண்டியாக வேண்டும். உங்கள் இடத்துக்கு அது ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மண் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). மேஸ்திரியின் இரண்டு நாள் வேலையில் இது கிடையாது; தோண்டும் கூலியும் மண்ணை அள்ளிப் போகும் வண்டி வாடகையும் சேரும். ஆனால் இந்த வேலையில் காசு போக வேண்டிய இடமே இதுதான். மேலே போடுகிற கல்லை பத்து வருடம் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம்.

அளவெல்லாம் ஒரே கோட்டிலிருந்து எடுங்கள். டியூப் மட்டம் வைத்து, உள்தரைக்கு மூன்றடி உயரத்தில் சமையலறைச் சுவர், காம்பவுண்டுச் சுவர், கேட் தூண் எல்லாவற்றிலும் ஒரு கோடு போட்டுவிடுங்கள். எந்த இடத்தையும் அந்தக் கோட்டிலிருந்து டேப் விட்டு அளந்தால் போதும், "ஏறக்குறைய மட்டம்தான் சார்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுவரைக் கவனியுங்கள். பெல்ட்டுக்கு மேலிருந்து மண்ணுக்குள் வரைக்கும் ஒரே சிமென்ட் பூச்சாக இறங்கியிருக்கும். பெல்ட் ஈரத்தைத் தடுத்தாலும் அந்தப் பூச்சு வழியாக ஈரம் சுற்றிக்கொண்டு ஏறிவிடும். தோண்டிய கையோடு, பெல்ட் மட்டத்துக்குக் கீழே இருக்கும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, பெல்ட் மட்டத்திலேயே மேல்பூச்சை நேராக வெட்டி நிறுத்துங்கள். கீழ்ச் சுவருக்கு, தளத்துக்கு அடியில் போகும் பகுதி வரைக்கும், தனியாக வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கை அடியுங்கள். இரண்டு பூச்சும் ஒட்டக் கூடாது, நடுவே ஒரு விரல் இடைவெளி தெரிய வேண்டும். கொத்தனார் பார்க்க நன்றாயில்லை என்று கலவையால் அடைக்க வருவார், விடாதீர்கள்.

தளம் சுவரைத் தொடும் இடத்தில் மண்ணைப் பொறுத்து வழி மாறும். மணல் பாங்கான இடமென்றால், அடையாறு, திருவான்மியூர் பக்கம் மாதிரி, சுவரோரம் முக்கால் அடி அகலத்துக்குக் கூழாங்கல் பட்டை விட்டுவிடச் சொல்வேன். தெறிப்பும் குறையும், தண்ணீரும் கீழே இறங்கிவிடும். மாம்பலம் களிமண். அங்கே சுவரோரம் கூழாங்கல் குழி வெட்டினால் அது தண்ணீர் தொட்டியாகத்தான் நிற்கும். அஸ்திவாரத்துக்குப் பக்கத்துக் களிமண் மழையில் ஊதி, வெயிலில் சுருங்கும். அதனால் உங்களுக்குப் பழைய பொதுப்பணித்துறை முறையே சரி: சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மூன்று நாலு அங்குலம் கனமான காங்கிரீட் பட்டை, வெளிப்பக்கம் வாட்டம் (சரிவு) கொடுத்து. பிளிந்த் ப்ரொடெக்‌ஷன் என்பார்கள். சுவருக்கும் அதற்கும் நடுவே அரை அங்குலம் விட்டு, தார் அல்லது சீலன்ட் நிரப்ப வேண்டும். அதன் மேல்மட்டமும் அதே 9 அங்குலக் கணக்குக்குள்தான். பேவர் அந்தப் பட்டையின் விளிம்பில் தொடங்கட்டும்.

சுவரோரம் தோண்டும்போதே ஒன்று செய்துவிடுங்கள். வீடு கட்டியபோது கரையான் மருந்து அடித்திருந்தால் அந்த மண்ணைத்தான் இப்போது அள்ளி வெளியே போடுகிறீர்கள். தளம் மூடுவதற்கு முன் சுவரோரம் திரும்ப அடித்துவிடுவது நல்லது. இல்லையென்றால் கரையானே நிலைக்கால் வழியாக வந்து தெரிவிக்கும்.

அப்பாவின் மூட்டுவலி. இதுதான் இதில் மெய்யான சிக்கல், ஒரே மட்டம் வேண்டும் என்று நீங்கள் கேட்டதில் தப்பில்லை. உள்தரைக்கும் தளத்துக்கும் 9 அங்குல இறக்கம். ஒரே படியாக அது அவருக்கு அதிகம். சாய்தளம் போட்டால் 12-க்கு 1 என்ற கணக்கில் 9 அடி நீளம் வேண்டும். 28 அடி நீளத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் சாய்தளத்தைச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் நாம் தவிர்க்க நினைத்த அதே தவறு, பெல்ட்டுக்கு மேலே ஈரக் கட்டுமானம், 9 அடி நீளத்துக்கு நடக்கும்.

என் யோசனை இது. கதவுக்கு வெளியே 4 அடிக்கு 4 அடி ஒரு மேடை, உள்தரைக்கு அரை அங்குலம் மட்டும் கீழே. கிராவல் நிரப்பிய திண்டாக வேண்டாம். இரண்டு குட்டைச் சுவர், மேலே கிரானைட் பலகை, அடியில் காற்றோட்டம். வீட்டுச் சுவருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு அங்குலம் விட்டு, அதை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஜாலியால் மூடிவிடுங்கள். கால் தடுக்காது, தண்ணீர் இறங்கிவிடும், சுவர் காற்றாடும். மேடையிலிருந்து தளத்துக்கு ஏறக்குறைய நாலே கால் அங்குலத்தில் இரண்டு இறக்கம். நடுவே ஒரு படி, ஒன்றே கால் அடி அகலமாவது, கூடவே இரண்டு பக்கமும் கைப்பிடி. நடக்க முடிகிற மூட்டுவலிக்காரருக்கு நீண்ட சாய்தளத்தைவிடப் பிடித்து இறங்கும் தாழ்ந்த படிதான் சௌகரியம் என்பது என் அனுபவம். சாய்தளத்தில் இறங்கும்போது முட்டியில்தான் பாரம் விழுகிறது. பின்னால் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் அதே மேடையிலிருந்து, சுவரை விட்டுத் தள்ளி, இரும்புச் சட்டத்தில் ஒரு சாய்தளத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். இப்போதே அதற்கான இடத்தில் செடி நட்டுவிடாமல் இருந்தால் சரி.

இனி தண்ணீர். வீட்டிலிருந்து காம்பவுண்டுப் பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம். காம்பவுண்டோரம் வரப்போகும் கால்வாய் போக மிச்சமுள்ள 8 அடிக்கு ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். மேல்பரப்பில் மட்டும் வாட்டம் கொடுத்துவிட்டு அடித்தளத்தை மட்டமாக விடுவது இங்கே சர்வசாதாரணமாக நடக்கிறது. பேவர் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். அடியில் களிமண் வீட்டுப் பக்கம் சரிந்திருந்தால் அந்தத் தண்ணீர் சத்தமில்லாமல் அஸ்திவாரத்துக்குப் போகும். தோண்டிய மண்ணையே அதே வாட்டத்தில் சீவி, திமிசுக் கட்டையோ பிளேட் காம்பாக்டரோ போட்டு இறுக்கி, அதன்மேல்தான் ஜல்லி.

காம்பவுண்டுச் சுவரோரம் அரை அடி அகலக் கால்வாய். தொடக்கத்தில் 3 அங்குல ஆழம், 28 அடி போய்ச் சேரும்போது ஆறரை. மேலே தூக்கி எடுக்கக்கூடிய ஜாலி மூடி. சிமென்ட் வைத்துப் பூசிய மூடி போட்டால் வேப்பிலையும் மண்ணும் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு வளரும். காம்பவுண்டுச் சுவர் பக்கத்து வீட்டோடு பொது என்றால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கால்வாயைச் சுவரிலிருந்து நாலு அங்குலமாவது தள்ளி எடுங்கள்.

கால்வாயின் முடிவு உள்தரைக்கு ஏறக்குறைய 17 அங்குலம் கீழே போய் நிற்கும். தெரு 6 அங்குலம்தான் கீழே. அதாவது உங்கள் கடைசித் தண்ணீர் தெருவைவிட 11 அங்குலம் பள்ளத்தில் நிற்கிறது. தானாகத் தெருவுக்கு ஏறாது. மேஸ்திரி தளத்தை ஏற்றச் சொன்னதன் காரணமும் இதுதான், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் தெருவைப் பார்த்து மட்டம் எடுக்கிறார், நாம் சுவரைப் பார்த்து எடுக்கிறோம்.

எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். 252 சதுர அடி என்பது 23.4 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால், நவம்பரில் அது அபூர்வமில்லை, 1,170 லிட்டர் சேரும். இது தளத்தில் விழுகிற மழை மட்டும். மொட்டை மாடிக் குழாய் அந்தப் பக்கம் இறங்கி மண்ணில் ஊற்றுகிறதா? முதலில் அதை மூடிய குழாயில் எடுத்து சம்புக்கோ கிணற்றுக்கோ விடுங்கள். 2003-லிருந்தே மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம், ஏற்கெனவே ஒரு குழி இருக்கும், அது வேலை செய்கிறதா என்று திறந்து பாருங்கள். மாடித் தண்ணீர் தளத்துக்கு வந்தால் நான் சொல்லும் எந்தக் கணக்கும் தாங்காது.

தளத்துத் தண்ணீருக்கு முன்வாசல் மூலையில் உறை இறக்கிய குழி ஒன்று. 3 அடி விட்டம், 10 அடி ஆழம் என்றால் ஏறக்குறைய 2,000 லிட்டர் பிடிக்கும். அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். 9 அடிப் பக்கவாட்டுக்குள் அது முடியாது, அதனால்தான் முன்வாசல். குழிக்கு முன்னால் சேறு தங்க ஒரு சின்னத் தொட்டி வையுங்கள், வருடம் ஒருமுறை அள்ளலாம். களிமண்ணில் வெறும் குழி உறிஞ்சாது. நடுவில் மணல் அடுக்கு வரைக்கும் போர் இறக்கினால்தான் பயன். முடிவு எடுப்பதற்கு முன் இரண்டடிக் குழி ஒன்று தோண்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் அப்படியே நின்றால் மண் பதில் சொல்லிவிட்டது.

அப்புறம், மாம்பலத்தில் நல்ல மழைக்காலத்தில் நிலத்தடி நீரே மேலே வந்து நிற்கும். அப்போது எந்தக் குழியும் எடுக்காது. அந்த நாலைந்து நாளுக்காக அதே உறைக்குள் அரை எச்.பி. சப்மெர்சிபிள் பம்பு, மிதவை சுவிட்சோடு ஒன்று தொங்கட்டும், தெருவோர மழைநீர் வடிகாலுக்கு ஏற்றிவிட. மாநகராட்சி வடிகாலின் அடிமட்டம் உங்கள் கால்வாயைவிடத் தாழ்வாக இருந்தால் முறைப்படி கேட்டு நேராகவே இணைக்கலாம். ஆனால் வடிகால் நிரம்பும்போது தண்ணீர் திரும்பி வரும், ஒருவழி வால்வு கட்டாயம். 2015 டிசம்பரில் பல வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது வாசல் வழியாக மட்டுமல்ல, குழாய் வழியாகவும்தான். கழிவுநீர் சேம்பரில் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். மழை நாளில் சாக்கடை நிரம்பி, உங்கள் கீழ்த்தளக் கழிப்பறையில்தான் பொங்கும்.

தெருத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, பக்கவாட்டு வழி தொடங்கும் இடத்தில் தெருவைவிட மூன்று அங்குலம் உயரமாக ஒரு மேடு வையுங்கள்.

அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் சாமான்களையும் தோண்டும் முன் கணக்கெடுத்துவிடுங்கள். சம்பு மூடியின் விளிம்பு தளத்தைவிட உயரமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குடிதண்ணீரில் தளத்தண்ணீர் கலக்கும். மின்சார எர்த் குழியையும் கழிவுநீர் சேம்பர் மூடிகளையும் கல்லுக்கு அடியில் புதைத்துவிட்டால் பின்னால் தளத்தை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மேலே ஷீட் கூரை போடும் ஆசை இருந்தால், அது விதிப்படி விட வேண்டிய பக்கவாட்டுக் காலியிடம் என்பதை நினைவில் வையுங்கள்.

உட்பக்கச் சுவருக்கு இப்போது எதுவும் அடிக்காதீர்கள். எபாக்ஸி பெயின்ட், உட்சுவரில் டைல்ஸ் எல்லாம் ஈரத்தை இரண்டடியிலிருந்து நாலடிக்கு ஏற்றும் வேலையைத்தான் செய்யும். முதலில் சிங்க் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். மே மாத வெயிலிலும் அந்த இடம் ஈரமாகவே இருந்தால் சந்தேகம் குழாயின் மேல்தான். வெளியே மண்ணை இறக்கி, ஒரு கோடையாவது காயவிட்டு, அப்புறம் உப்பேறிய பூச்சை உரித்துப் புதிதாகப் பூசலாம். அதற்குப் பிறகும் ஏறினால், பெல்ட் மட்டத்தில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் செலுத்தும் முறை இருக்கிறது. வெளித்தளம் உயரமாக இருக்கும்போது அதைச் செய்வது வீண் செலவு.

வேலையை மாசிக்கும் வைகாசிக்கும் நடுவே முடியுங்கள். மணல் பரப்பும் முன் ஜல்லிமேல் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். கல் ஒட்டிய பிறகு கண்டுபிடிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

கல் விஷயம். பேவர் பிளாக் போடுங்கள், 60 மி.மீ. போதும், கார் ஏறப்போவதில்லை. களிமண் ஊதிச் சுருங்கும்போது கலவையில் பதித்த பெரிய கல் விரிசல் விடும். பேவர் அங்கங்கே இறங்கினால் நாலு கல்லை எடுத்து மணலைச் சரிசெய்து திரும்ப வைத்துவிடலாம். கேட்டலாக்கில் பளபளப்பாக இருக்கும் ரப்பர் மோல்டு வகை வேண்டாம், பாசி பிடித்தால் வழுக்கும். சொரசொரப்பான, வெளிர் நிறக் கல் வாங்குங்கள். கறுப்புக் கடப்பா மேற்கு வெயிலில் வெறும் காலை வைக்க விடாது, நனைந்தால் அப்பாவுக்கு ஆபத்து. மொட்டை மாடியில் மிச்சம் கிடக்கிறது என்று சொன்ன கடப்பாப் பலகைகளைக் காம்பவுண்டுப் பக்கம் இரண்டு செங்கல் தூணின் மேல் வைத்து உட்காரும் பலகையாக்கிக்கொள்ளுங்கள், உயரம் ஒன்றரை அடி, கால்வாய் ஜாலியைத் தூக்க இடம் விட்டு.